சீனி முழுங்கிய சத்தங்கள்

களுக்.

கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது அந்தச் சத்தம். நிறைந்த பானைக்குள் புளியங்கொட்டை ஒன்று விழுந்த மாதிரி இருந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்து வெடிக்கான காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்த பவுன்தாய், பல்லியாக இருக்கும் என்று நினைத்தாள். மறுபடியும் களுக். அதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய வேறொன்று கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மணி நாலு. லேபிள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற பொட்டலில், ஞாயிறு தவிர எல்லா நாளும் நாலு மணிக்குப் புதுச் சரக்கை வெடித்துப் பார்ப்பார்கள். ஜன்னல் வழியே வெள்ளைப் புகை கிளம்புவது தெரிந்தது, காக்கைகள் சிதறிப் பறப்பது தெரிந்தது, சத்தம் மட்டும் தெருவுக்குள் வரவில்லை. அங்கே புகை கிளம்பும், இங்கே கட்டிலடியில் களுக் என்று கேட்கும். குனிந்து பார்த்தாள். அவள் வளர்க்கும் நாய் சீனி, முன்னங்கால் இரண்டையும் நீட்டிப் படுத்து, அடுத்த கவளத்துக்குக் காத்திருப்பதுபோல வாயை லேசாகத் திறந்து வைத்திருந்தது. உடம்பில் நடுக்கம் இல்லை, எச்சில் வடியவில்லை.

"சத்தத்தை முழுங்குறியாக்கும்" என்றாள் பவுன்தாய். பசை காய்வதற்குள் உருட்ட வேண்டியது இன்னும் நிறைய இருந்ததால் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

அது பட்டாசு ஊர். மற்ற ஊர் நாய்களுக்குத் தீபாவளி வருஷத்தில் ஒரு நாள் வந்து போகும். இந்த ஊர் நாய்களுக்கு நாலு மணி ஆனால் தீபாவளி. சீனி, பவுன்தாயின் மகள் தங்கமாரி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு வந்த குட்டி. செம்பட்டை உடம்பில் சீனி தூவியது மாதிரி வெள்ளைப் புள்ளி இருந்ததால் அந்தப் பேர். தெருப் பிள்ளைகள் சீனிவெடி என்று கேலி செய்தார்கள், வெடிக்குப் பயந்த நாய்க்கு வெடியின் பேர். பவுன்தாயின் புருஷன் போய்ச் சேர்ந்து, தங்கமாரியையும் தென்காசியில் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு, அந்த ஓட்டு வீட்டில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்த இன்னொரு உயிர் சீனிதான். முந்தின தீபாவளிக்கு அது தகரக் கதவைக் கிழித்துக்கொண்டு ஓடி, விலாவெல்லாம் ரத்தமாக, மூன்றாம் நாள் சாத்தூர் ரோட்டுப் பாலத்தடியில் சகதிக்குள் கிடந்து அகப்பட்டது. அதனால் ஆடி பிறந்ததும் அதை நடத்தியே கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

கம்பவுண்டர் இன்னாசி நாயின் ஈறைப் பிதுக்கிப் பார்த்தார், காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. பயத்தை அதட்டி அடக்க முடியாது, பழக்கித்தான் போக்கணும். ஒவ்வொரு வெடிக்கும் ஒரு வாய் குடு. பால்ல முக்குன ரஸ்க் ஒரு துண்டு போதும். தீனியோட சேத்துச் சத்தத்தையும் முழுங்கிரும். தவறவிடாமக் குடுக்கணும், ஆமா."

வேறு யாராக இருந்தாலும் நாலு நாள் செய்துவிட்டு விட்டிருப்பார்கள். பவுன்தாய் குழாய் உருட்டுகிறவள். சொன்ன அளவுக்கு ஒரு சுற்றுக் கூடினாலும் குறைந்தாலும் வெடிமருந்து நிற்காது என்று பத்து வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கை. வெடி ஒன்றுக்கு ரஸ்க் ஒன்று என்று ஆடி முழுக்க, ஆவணி முழுக்க, புரட்டாசியில் பாதிவரை ஒரு வெடியையும் அவள் தவறவிடவில்லை, கைப்பசை துணியில் துடைத்த நேரம் போக. சீனியும் வளர்த்தவளைப் போலவே சொன்னதைச் சொன்னபடி கற்றுக்கொண்டது. வீட்டில் ரஸ்க் தீர்ந்துபோன அன்று, வெறும் சத்தத்தை மட்டும் முழுங்கியது.

தெருவுக்கு இது குக்கரால் தெரிந்தது. எதிர்வீட்டு அன்னபாக்கியம் அடிப்பிடித்த குக்கரை இடுப்பில் வைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"மதினி, ஒங்க நாய் எங்க வீட்டு மூணு விசிலையும் தின்னுருச்சு."

"பருப்பு வேகலையா?"

"வெந்து, கருகி, கரியாப் போச்சு. ஏன், அதுக்கு வேற கறி போடுறதில்லையா நீங்க?"

இந்தப் பக்கம் எட்டு வீடு, அந்தப் பக்கம் எட்டு வீடு, அதுதான் சீனியின் வாய் எட்டும் தூரம். அதற்குள் எழும்பும், அதற்குள் வரும் பெரிய சத்தம் எதுவும் காதுக்குப் போகாமல் சீனியின் வயிற்றுக்குப் போனது. தெரு அதற்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பெண்கள் குக்கருக்குப் பதில் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மீன்காரர் கூவுவதை விட்டுவிட்டு வாசல் வாசலாகத் தலையைக் காட்டிவிட்டுப் போனார். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பக்கத்துத் தெருக்களிலிருந்து புத்தகத்தோடு வந்து பவுன்தாய் வீட்டுச் சுவரோரம் உட்கார்ந்து படித்தார்கள். மூன்றாவது வீட்டில் மாமியாரும் மருமகளும் கை நீட்டி நீட்டிச் சண்டை போடுவது தெரியும்; என்ன ஏது என்று ஒருவருக்கும் கேட்காததால் அவர்களுக்கே அதில் ருசி போய், பாதியில் விட்டுவிட்டு அரிசி பொறுக்க உட்கார்ந்தார்கள்.

அடுத்த வீட்டுச் சேர்மக்கனி ஆப்செட் அச்சகத்தில் இருபத்திரண்டு வருஷமாக ராத்திரி ஷிப்ட் பார்ப்பவர். ஊர் தூங்கும்போது அவர் காலண்டர்ச் சாமிகளுக்கு வர்ணம் ஏற்றிக்கொண்டிருப்பார். ஊர் விழித்த பிறகு, கண்மேல் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு, லாரிக்கும் ஒலிபெருக்கிக்கும் நாலு மணி வெடிக்கும் நடுவே கிழிந்த துணியை ஒட்டுப்போடுகிற மாதிரி அரை மணி, கால் மணியாகத் தூங்குவார். அந்த வாரம் ஒரு சாயங்காலம் அவர் ஒரு ரஸ்க் பாக்கெட்டோடு வந்து பவுன்தாய் வீட்டு வாசலில் நின்றார். முகம் புதுசாக இருந்தது.

"பவுன்தாயி, நான் தூங்கிட்டேம்மா."

"தூங்குனா நல்லதுதான அண்ணாச்சி."

"இல்லம்மா. கனா வந்துச்சு. எங்கம்மா வந்து சோறு பெசஞ்சு குடுத்தாங்க. மூஞ்சி தெளிவாத் தெரிஞ்சது. மறந்துபோச்சுன்னு நெனச்சிருந்தேன்." பாக்கெட்டை வாசப்படியில் வைத்தார். "நாய்க்குக் குடும்மா."

அந்தத் தீபாவளிக்கு லேபிள் தெரு புதுத்துணி கட்டிக்கொண்டு வாசல்களில் உட்கார்ந்து வெளிச்சத்தைப் பார்த்தது. பத்தாயிரம் வாலா சரம் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சிவப்பாகக் குதித்துக் குதித்து ஓடி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் முடிந்தது. பச்சைப் பூவும் ஊதாப் பூவும் வானத்தில் மெல்ல விரிந்து, ஓட்டின்மேல் தூசாக இறங்கின. பிள்ளைகளுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. வெடியை அள்ளிக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஓடினார்கள். பெரியவர்கள் அதிரசத்தைக் கடித்தபடி, பட்டாசுக்கு இத்தனை அழகு இருக்கிறதா என்று, முப்பது வருஷமாகத் தாங்களே செய்த பட்டாசைப் புதிதாகப் பார்த்தார்கள். கட்டிலடியில் சீனி விடியும்வரை முழுங்கிக்கொண்டிருந்தது.

கார்த்திகையில் வெறிநாய்த் தடுப்பூசி போடும் நாள் வந்தபோதுதான் அதை நகர்த்த முடியவில்லை. உடம்பு பெருக்கவில்லை, விலா எலும்பை எண்ணலாம். ஆனால் ஆறு ஆண்கள் சேர்ந்து தூக்கியும் தரையைவிட்டு ஒரு விரற்கடை எழும்பவில்லை. அது படுத்த இடத்தில் சிமெண்டுத் தரை கீறல் விட்டிருந்தது. இன்னாசி ஊசியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். அதன் வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டவர், காதிலிருந்து அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உள்ள தீபாவளி இருக்கு" என்றார். "இது குரைச்சு எத்தனை நாளாச்சு?"

பவுன்தாய் யோசித்தாள். "ரஸ்க் தீந்த அன்னையிலிருந்து குரைக்கல."

"குரைச்சா எல்லாம் வெளிய வந்துரும்ல?" என்று வாசலில் நின்ற அன்னபாக்கியம் கேட்டாள்.

"என்னைக் கேட்டா? படிச்ச டாக்டரே இதைப் பாத்ததில்ல. மெதுவாகவும் வரலாம், ஓடெல்லாம் பறக்கவும் பறக்கலாம். அது பதறாமப் பாத்துக்கங்க, அம்புட்டுத்தான் நான் சொல்வேன்."

அன்று சாயங்காலமே தெரு கூடியது. மயில் படம் அச்சடித்த கழிவு லேபிள் தாளின் பின்பக்கத்தில் சேர்மக்கனி தன் அச்சுக்கையால் சீனியின் வருஷத்தை எழுதி, பவுன்தாய் வீட்டுச் சுவரில் ஒட்டினார். சித்திரை வெயிலுக்கு நனைத்த சாக்கை ஜன்னலில் தொங்கவிட்டு, மண்சட்டித் தண்ணீரை ரெண்டு வேளை மாற்ற வேண்டும் என்றும், மூன்று மாசத்துக்கு ஒருதரம் பூச்சி மருந்து என்றும், மழை தொடங்கினால் உண்ணி ஏறும், காதுமடல், அக்குள், விரலிடுக்கு என்று தினமும் பார்த்துப் பிடுங்கிச் சிரட்டை மண்ணெண்ணெயில் போட வேண்டும், அரிப்பெடுத்தால் நாய்க்கு எரிச்சல் வரும் என்றும், மார்கழிக் காலைப் பாட்டுக்கும் அம்மன் கோயில் பொங்கல் மேளத்துக்கும் முன்கூட்டியே வயிறு நிறையச் சோறு வைக்க வேண்டும் என்றும், பூனை, குரங்கு, தபால்காரர் எவரும் அதன் கண்ணில் படக் கூடாது என்றும் அந்தத் தாள் சொன்னது. கடைசி வரி மட்டும் பெரிய எழுத்து: பவுன்தாய் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஏனென்றால் அவள் வாசல் தாண்டினால் சீனியின் வயிறு உறுமியது. குழாய் மூட்டையைக் கொடுத்துவர ஒருநாள் அவள் தெருமுனைவரை போனாள். எட்டு வீட்டுப் பாத்திரங்கள் அலமாரியிலிருந்து இறங்கி ஓடின. அன்றிலிருந்து தெரு அவளை ஒரு வேலைக்கும் வெளியே விடவில்லை. குழாய் மூட்டையை முறைவைத்துச் சைக்கிளில் கொண்டுபோனார்கள், பசைக்கு மைதா வாங்கி வந்தார்கள், காய் வந்தது, வெள்ளிக்கிழமை பூ வந்தது, பொங்கலுக்குச் சேலை வந்தது. அத்தனையும் அன்பாகத்தான் வந்தது. கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாளும் வந்தது; நாய் அறியாமல் ஓடிவிடக் கூடாதே என்றுதான். அவள் குளிக்கவோ தூங்கவோ போனால் யாராவது வந்து அதைப் போட்டுவிட்டுப் போவார்கள். கொஞ்ச நாளில் அவள் விழித்திருக்கும்போதும் போட்டார்கள். மத்தியானங்களில் அவள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து, வெயிலில் காயப்போட்ட லேபிள் தாள்கள் சத்தமில்லாமல் படபடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பின்னால் சீனி அவள் முந்தானை நுனியில் தாடையை வைத்துப் படுத்திருக்கும். எழுந்தால் முந்தானை கிழியும். அத்தனை பாரம் அந்தத் தாடைக்கு.

தையில் அன்னபாக்கியத்தின் ஆத்தா இறந்துபோனாள். உறவுப் பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து மாரில் அடித்தார்கள், வாயைத் திறந்தார்கள், கழுத்து நரம்பு புடைத்தது. எதிர்வீட்டில் களுக், களுக். கொட்டுக்காரர்கள் அடித்த அடியில் தோல் அதிர்ந்தது, ஓசை இல்லை. ஆத்தாவை ஒரு பழைய பீரோவை வீடு மாற்றுவதுபோலத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"அழுத மாதிரியே இல்ல மதினி" என்றாள் அன்னபாக்கியம், பதினாறு முடிந்து சொம்பைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது. "தொண்டைக்குள்ள மீன்முள்ளு கணக்கா நிக்குது."

"அடுத்த தெருவுக்குப் போயி அழுதுட்டு வாங்களேன்."

"அடுத்தவ வாசல்ல நின்னு நான் எங்க ஆத்தாவுக்கு அழுதா, எவ சும்மா இருப்பா? வீட்டுக்கு ஆகாதும்பா." சொம்பை வைத்துவிட்டுப் போனவள், பழக்கத்தில் தாழ்ப்பாளையும் போட்டுவிட்டுப் போனாள்.

மறு தீபாவளியும் முழுங்கப்பட்டது. அதற்கு முன்பே தென்காசியிலிருந்து தங்கமாரி போன் செய்திருந்தாள். ஏழாம் மாசம், வளைகாப்பு. தலைப்பிரசவத்துக்குத் தாய் வந்து கூட்டிப்போக வேண்டும். போனில் மகள் பேசும்போது பவுன்தாய் அவளை மெதுவாகவே பேசச் சொல்வாள். குரல் கொஞ்சம் உயர்ந்தாலும் பாதி வார்த்தை கட்டிலடிக்குப் போய்விடும். பையில் சேலை எடுத்து வைத்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்த அன்று ஓடுகள் ஒன்றோடொன்று மோதின. தெருவே வந்து நின்று, மரியாதையாக, அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டது.

யாரும் வராததால் தங்கமாரி தானாகவே பஸ் ஏறி வந்தாள். இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். அவள் கையை வீசி நடந்து வந்ததில் ஒரு வளையலும் குலுங்கவில்லை. சீனியின் வாய்க்கு இப்போது சின்னச் சத்தமும் ருசித்தது; தணிந்த பேச்சு மட்டும் தப்பியது.

"என்னம்மா, ஜெயில்லயா இருக்க?" என்றாள்.

"ஜெயில்ல வெள்ளிக்கிழமை பூ குடுக்க மாட்டாங்க" என்றாள் பவுன்தாய்.

தங்கமாரி, குனிய முடியாத வயிற்றோடு குனிந்து, சீனியின் நெற்றியைத் தடவினாள். அது வாலை ஆட்டியது. வால் பட்டுச் சுவரில் காரை உதிர்ந்தது. "ஏலே, என் பிள்ளை அழுறது எனக்குக் கேக்கணும். அதை மட்டும் விட்டுரு, என்ன?" என்று அதன் காதில் சொன்னாள். அந்தச் சொல்லையும் முழுங்கியதா என்று தெரியவில்லை.

பிரசவம் பெரியாஸ்பத்திரியில் நடந்தது. பவுன்தாய் வீட்டில் இருந்தாள். சேர்மக்கனி தன் தூக்கத்தை விட்டுவிட்டுத் துணைக்குப் போயிருந்தார். "பொம்பளப் பிள்ளை. இந்தா, கேளும்மா" என்று போனைப் பிள்ளையின் வாய்க்கு நேரே பிடித்தார். பவுன்தாய் போனைக் காதோடு அழுத்தினாள், இன்னொரு காதைப் பொத்தினாள். களுக். அவ்வளவுதான். "கேட்டுச்சா?" என்றார் சேர்மக்கனி. "கேட்டுச்சு அண்ணாச்சி" என்றாள்.

ஐந்தாம் நாள் பிள்ளையைக் கொண்டுவந்து தொட்டிலில் போட்டார்கள். பசித்தால் முகம் சிவக்கும், நாக்கு துடிக்கும், இரண்டு முஷ்டியும் காற்றைக் குத்தும். சத்தம் கிடையாது. அதனால் யாராவது ஒருத்தி எப்போதும் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. தங்கமாரி தூங்கும்போது பவுன்தாய் பார்த்தாள், பவுன்தாய் குழாய் உருட்டும்போது தங்கமாரி பார்த்தாள். தெருப் பெண்கள் வந்து எட்டிப் பார்த்து, "அழாத பிள்ளை, குடுத்து வச்சவ" என்றார்கள்.

எட்டாம் நாள் மத்தியானம், தங்கமாரி குளிக்கப் போயிருந்தாள். பவுன்தாய் தொட்டிலைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தாள். பசை கட்டிதட்டுகிறதே என்று கிண்ணத்தின் பக்கம் திரும்பினாள்; வெந்நீர் விட்டுக் கலக்கினாள்; கலக்கின கையோடு ஒன்று உருட்டினாள்; ஒன்று பத்தானது, பத்து நாற்பதானது. முதுகுக்குப் பின்னால் களுக், களுக் என்று கேட்டுக்கொண்டிருந்தது. பதினாலு மாசமாக நாளெல்லாம் கேட்கிற சத்தம், காது அதை எப்போதோ விட்டுவிட்டிருந்தது. ஈரத்தலையோடு வந்த தங்கமாரி தொட்டிலைப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தாள். அவள் அலறல் பவுன்தாய்க்குக் கேட்கவில்லை, சுவரில் விழுந்த நிழல் கையை உதறுவதைப் பார்த்துத்தான் திரும்பினாள். பசைக் கிண்ணத்துக்கு வந்த செவ்வெறும்பு தொட்டில் கயிற்றில் வரிசைகட்டி ஏறியிருந்தது. பிள்ளையின் தொடையும் கழுத்தும் காதும் தெரியாத அளவுக்கு மொய்த்திருந்தது. அழுது அழுது பிள்ளை நீலம் பாரித்திருந்தது.

இன்னாசியிடம் கேட்காமல், யாரிடமும் கேட்காமல், எறும்பைத் தட்டித் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, பிள்ளை மார் பிடித்துக் குடிக்கத் தொடங்கிய பிறகு, பவுன்தாய் ஜன்னலுக்கு வந்து தெருவைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"சீனியைப் பொட்டலுக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க குரைக்கட்டும்."

"ஆறு பேரு தூக்க முடியலையே மதினி" என்றாள் அன்னபாக்கியம்.

"நான் முன்னால நடந்தா வரும்."

"நடுத்தெருவுல குரைச்சிட்டா? ரெண்டு தீபாவளி இருக்கு உள்ள."

தூக்கத்திலிருந்து எழுந்து வந்திருந்த சேர்மக்கனி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "பவுன்தாயி, இருவத்திரெண்டு வருசம் முழிச்சுக் கெடந்தேன். பதினாலு மாசம்தாம்மா தூங்கியிருக்கேன்."

"பிள்ளை ஒடம்பப் பாருங்க அண்ணாச்சி."

பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார். "பாவந்தான்" என்றார். "பிள்ளையையும் தாயையும் தென்காசிக்கு அனுப்பிருவோம். கார் நான் பேசுறேன்."

"அப்ப எங்கம்மா?" என்று உள்ளேயிருந்து தங்கமாரி கேட்டாள்.

கெட்டவர்கள் ஒருவரும் அந்தக் கூட்டத்தில் இல்லை. நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்பதுபோலக் கையைக் காட்டிவிட்டு ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். பிறகு தொட்டிலடியில் படுத்திருந்த சீனி களுக் என்றது. கதவை வெளியே தாழிட்டுவிட்டார்கள் என்று பவுன்தாய்க்கு அதிலிருந்து தெரிந்தது.

"இங்கயே குரைக்கச் சொல்லும்மா" என்றாள் தங்கமாரி.

"பிள்ளை இருக்கே."

"பிள்ளைக்காகத்தான் சொல்றேன்."

தங்கமாரி, தூங்கிவிட்ட பிள்ளையின் காதுகளில் பஞ்சு வைத்து, அதன் மேல் துண்டைச் சுற்றித் தொட்டிலில் கிடத்தினாள். பவுன்தாய் சீனியின் முன்னால் உட்கார்ந்தாள். "குரைடா" என்றாள். அது அவள் முகத்தையே பார்த்தது. அந்த வீட்டில் அதற்கு எல்லாச் சொல்லும் தெரியும், அந்தச் சொல் மட்டும் மறந்துபோயிருந்தது. பூனை மாதிரி கத்தினாள், விளக்குமாற்றை ஓங்கினாள், தபால்காரர் மாதிரி கதவைத் தட்டினாள். பிறகு நாற்பத்தெட்டு வயதுப் பொம்பளை, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையையும் காலையும் தரையில் ஊன்றி, எப்படிக் குரைப்பது என்று நாய்க்குக் குரைத்துக் காட்டினாள். அவள் குரைத்த ஒவ்வொன்றையும் சீனி வாங்கி முழுங்கியது. தங்கமாரிக்குச் சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்பையும் முழுங்கியது. மூச்சுவாங்கிப் பவுன்தாய் சுவரில் சாய்ந்தபோது, பாவம் இவளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்தோ என்னவோ, சீனி வந்து அவள் மூஞ்சியை நக்கியது. அந்த நாக்கின் பாரத்தில் கன்னம் வலித்தது.

"போதும்டா" என்று அவள் அதன் வாயை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்தாள்.

அப்போதுதான் பிள்ளை விழித்தது.

வீட்டுக்குள் ஓர் அழுகை கேட்டது. கம்பியை இழுத்த மாதிரி மெல்லியதாகத் தொடங்கி, நடுவில் உடைந்து, மூச்செடுத்து மறுபடி எழும்பியது. பவுன்தாய் அசையவில்லை. தங்கமாரி இரண்டு கையையும் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். இத்தனை நாளாக அந்த அழுகையைத் தின்றும் அது எப்படி இருக்கும் என்று அறியாத சீனி, காதை நிமிர்த்தியது, தலையைச் சாய்த்தது, தொட்டிலைப் பார்த்தது, பவுன்தாயைப் பார்த்தது. ஒரு பிள்ளை அழுகிறது, யாரும் எழவில்லையே என்று அதற்குப் பதறியது. அவள் கையை உதறிவிட்டுத் தொட்டில் பக்கம் போய் நின்று குரைத்தது.

முதலில் வந்தது தங்கமாரியின் சிரிப்பு, பிறகு பவுன்தாய் குரைத்துக் காட்டிய குரைப்பு, பிறகு தாழ்ப்பாள் விழும் 'டக்'. அதன் பின்னால் தங்கமாரியின் அலறல், அதன் பின்னால் பிள்ளை அந்த வீட்டில் அழுத அழுகை மொத்தமும், பிறகு வளையல், பிறகு தீபாவளி. ஜன்னல் கண்ணாடிகள் தெரு நெடுகச் சிதறின, ஓடுகள் எழும்பி எழும்பி உட்கார்ந்தன, காயப்போட்ட லேபிள் தாள்களெல்லாம் பறந்து பொட்டலில் போய் விழுந்தன. ஒரு உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு வாசல்களில் உட்கார்ந்திருந்தார்கள். சத்தங்கள் போன வழியே பின்னுக்கு வந்தன. அம்மன் கோயில் பொங்கல் மேளம் வந்தது. தையில் அழுத ஒப்பாரி வந்தபோது அன்னபாக்கியம் நடுத்தெருவுக்கு வந்து உட்கார்ந்தாள். பத்து மாசத்துக்கு முந்தின தன் குரல் "என்னப் பெத்த ஆத்தா" என்று தலைக்கு மேலே போக, அதற்குக் கீழே இருந்து இப்போதைய குரலையும் சேர்த்து அழுதாள். மார்கழிப் பாட்டு வந்தது, முதல் தீபாவளி வந்தது, மாமியார் மருமகளின் விட்டுப்போன சண்டை அத்தனை வசவோடும் வந்தது. கடைசியில், எல்லாம் ஓய்ந்த பிறகு, மூன்று விசில் வந்தது.

சேர்மக்கனி வந்து தாழ்ப்பாளைத் திறந்தார்.

"என் கொறட்டையும் வந்துச்சு" என்றார். "இம்புட்டுச் சத்தமாவா போடுறேன்?"

"இன்னிக்கும் ஷிப்ட் உண்டா அண்ணாச்சி?"

"உண்டு." கண்ணுக்குக் கீழே கறுப்பு ஏற்கெனவே திரும்பத் தொடங்கியிருந்தது. தொட்டிலை எட்டிப் பார்த்தார். பிள்ளை இன்னும் அழுதுகொண்டிருந்தது. "நல்லா அழுறா" என்றுவிட்டுப் போனார்.

"இனிமே ஒன்னைய எவனும் பிடிச்சு வைக்க முடியாது" என்றாள் தங்கமாரி, பிள்ளையை மடியில் போட்டு. "பேசாம என்கூடத் தென்காசிக்கு வந்துரு."

பவுன்தாய் கதவைத் தாண்டினாள். உடைந்த ஓட்டையும் கண்ணாடியையும் மிதிக்காமல் தெருமுனைவரை நடந்து, மெயின் ரோட்டில் போய் நின்றாள். டீக்கடை பெயிண்ட் மாறியிருந்தது. லாரி ஹாரன், பாட்டு, யாரோ யாரையோ கூப்பிடுவது, எல்லாமே கேட்டது. ஒரு பஸ் வந்து நின்றது. ஏறுகிறாளா என்று கண்டக்டர் பார்த்தார். அந்த நேரம் பொட்டலில் நாலு மணி வெடி ஒன்று வெடித்தது, நிஜமான வெடி, தெருவெங்கும் கேட்க. அதன் பின்னாலேயே வீட்டுப் பக்கமிருந்து ஒரு ஊளை வந்தது. அவள் கையை ஆட்டி பஸ்ஸை அனுப்பிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

சீனி கட்டிலுக்கு அடியில், சுவர் மூலையில், உடம்பெல்லாம் நடுங்க ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் வந்தது, பஞ்சு கணக்காக இருந்தது. வெடி ஒவ்வொன்றுக்கும் அவள் மடிக்குள் தலையை முட்டியது. பவுன்தாய் அலமாரிக்குக் கீழிருந்து சிரட்டையை எடுத்து மண்ணெண்ணெய் கொஞ்சம் ஊற்றினாள், ஜன்னல் வெளிச்சம் விழும் பக்கமாக உட்கார்ந்தாள், நடுங்குகிற காதுமடலை மெல்ல விரித்தாள். ரெண்டு நாளாகப் பார்க்கவில்லை, மழைக்கு நிறைய ஏறியிருந்தது. முதல் உண்ணியைத் தோலோடு ஒட்டிப் பிடித்து, தலை அறுபடாமல் நேராக இழுத்து, சிரட்டையில் போட்டாள். அடுத்ததைத் தேடினாள்.